அரை அங்குலம்

"வாயைத் திற, டாலி! துப்பு! துப்புடீ!"

அப்னேர் ரீல் தன் குதிரையின் தாடையைப் பிடித்துத் தொங்காத குறைதான். டாலி சாவகாசமாக வாயைத் திறந்து காட்டியது. உள்ளே ஒன்றும் இல்லை. போனது போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைத் துடைத்து, தலையில் வைத்து, அழகு பார்த்தபடியே லாயத்துக்கு வந்தது அவர் தப்பு. 'அழகு பார்த்தபடி' என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்தால் கோபித்துக்கொள்வார். எங்கள் சபையில் யாரும் அழகு பார்ப்பதில்லை. சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்போம். சரியாக என்றால், அடுத்தவன் தொப்பியைப் போலவே.

குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க ஒரு நிமிஷம் குனிந்தார். அந்த ஒரு நிமிஷத்தில் டாலி கழுத்தை நீட்டி, கறுப்புத் தொப்பியின் விளிம்பில் ஒரு வாய் கடித்து ருசி பார்த்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. தொப்பிக் கடை இனித் திங்கட்கிழமைதான் திறக்கும். காலையில் சபை கூடுகிறது.

"இதுக்கா இந்தக் கத்து கத்தினே?" என்றாள் அவர் மனைவி லவீனா, கத்தரிக்கோலோடு வந்து. "குடு இப்படி. ஆப்பிள் பை பலகாரத்துக்கு மாவு விளிம்பை நறுக்குற மாதிரி சுத்தி ஒரு இழுப்பு இழுத்தா சரியாப் போச்சு."

இழுத்தாள். இடது பக்கம் கொஞ்சம் கூடிவிட்டது. அதைக் குறைத்தாள். வலது பக்கம் கூடியது. அதையும் குறைத்தாள். ஒருவழியாக வட்டம் கிட்டத்தட்ட வட்டமானபோது அப்னேர் தன் பட்டறையிலிருந்து இரும்பு அளவுகோலை எடுத்துவந்து வைத்துப் பார்த்தார். அலமாரி செய்கிற தச்சர். அவர் அளவு ஒரு மயிரிழை தப்பாது.

"மூணு அங்குலம்" என்றார், ஈனக் குரலில்.

"சரி, அதனால?"

"மூணரை இருக்கணும் லவீனா! மூணரை!"

"அரை அங்குலத்தை யாரு பாக்கப் போறா?"

யார் பார்க்கமாட்டார்கள் என்று கேட்டிருந்தால் பதில் சுலபம்: டாலி. மற்ற எல்லாரும் பார்ப்பார்கள். எங்கள் கோட்டில் பொத்தான் கிடையாது, கொக்கிதான். தாடி உண்டு, மீசை கிடையாது. தோள்வார் உண்டு, இடுப்பு பெல்ட் கிடையாது. ஊரோடு ஒத்து வாழ் என்பது மற்ற ஊர்களில் பழமொழி. எங்களுக்கு அது தையல் அளவு. அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பேர் 'ஒழுங்கு'. ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சபையில் தொப்பி விளிம்பு மூன்று அங்குலம். அவர்களைப் பற்றி நாங்கள் தப்பாக ஒரு வார்த்தை பேசமாட்டோம். அவர்களுக்காக ஜெபம் மட்டும் செய்வோம்.

அதிலும் அப்னேர் பதினாலு வருஷத்துக்கு முன்னால் வடக்கே வேறொரு சபையிலிருந்து இங்கே குடிவந்தவர். வந்தவர் என்பதால் இங்கேயே பிறந்தவர்களைவிட இரண்டு மடங்கு ஒழுங்கு. கூட்டத்தில் அவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். அதுதான் அவர் வாழ்நாளில் ஆசைப்பட்ட ஒரே விஷயம்.

இந்த வருஷம் இன்னொரு ஆசையும் சேர்ந்திருந்தது. மூத்தவள் மலிண்டாவுக்கும் ஜோனஸ் லாப் வீட்டு மெல்வினுக்கும் கல்யாணம். இது பரம ரகசியம். அக்டோபர் கடைசியில் திருவிருந்து ஆராதனை முடிந்த பிறகுதான் சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கன் எழுந்து நின்று கல்யாணங்களை அறிவிப்பார். அதுவரை யாருக்கும் தெரியக்கூடாது. லவீனா தோட்டத்தில் மக்காச்சோளத்துக்குப் பின்னால் நானூறு செலரிக் கீரைச் செடி நட்டிருந்தாள். எங்கள் கல்யாணப் பந்தியில் செலரி இல்லாமல் இலை போட்ட மாதிரியே இருக்காது; நாலு பேர் குடும்பத்துக்கு நானூறு செலரி எதற்கு என்று ஊரே பார்த்தது, ஊரே பார்க்காத மாதிரி போனது. 

ஆனால் திருவிருந்து நடக்கவேண்டுமானால் அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஆலோசனை ஞாயிறு என்று ஒன்று உண்டு. அன்றைக்கு ஒவ்வொருவராக 'ஒழுங்கோடு ஒத்துப்போகிறேன், யாரோடும் எனக்கு மனத்தாங்கல் இல்லை' என்று சொல்லவேண்டும். ஒருத்தர் முறுக்கிக்கொண்டாலும் திருவிருந்து கிடையாது. திருவிருந்து இல்லை என்றால் அறிவிப்பு இல்லை. அறிவிப்பு இல்லை என்றால் மலிண்டாவுக்குக் கல்யாணம் அடுத்த வருஷம்தான். நானூறு செலரியையும் குடும்பமே உட்கார்ந்து தின்று தீர்க்கவேண்டியதுதான்.

"வைக்கோல் தொப்பியைப் போட்டுட்டுப் போயேன்" என்றாள் லவீனா.

"வெயில் காலத் தொப்பியை அக்டோபர்லயா? அதுக்கு நான் தலைகீழா நடந்து போகலாம்."

கடைசியில் ஒரு வழி தோன்றியது. எல்லாரும் வருவதற்கு முன்னால் போய், தொப்பியைக் கழற்றி மாட்டிவிட்டால் யார் தலையில் எது இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

எங்களுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், முறை வைத்து வீடுகளில்தான் ஆராதனை. அந்த வாரம் ஜோனஸ் லாப் வீட்டில். அப்னேர் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், சலவை அறைச் சுவரில் மூலை ஆணியாகப் பார்த்துத் தன் தொப்பியை மாட்டினார். பிறகு வந்தவர்கள் வரிசையாக மாட்டினார்கள். மூன்று மணி நேரம் பாட்டும் பிரசங்கமும் நடந்தது. அப்னேர் காதில் எதுவும் ஏறவில்லை. உள்ளே வருவதற்குத்தான் யோசித்திருந்தார். வெளியே போவதற்கு யோசிக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும், கடலை வெண்ணெய் ரொட்டியை வாயில் வைத்தபடியே நழுவிச் சலவை அறைக்கு ஓடினார். சுவரில் நாற்பது கறுப்புத் தொப்பிகள், ஒரே அளவில், ஒரே சாயலில். மூலையில் அவருடையது மட்டும் மொட்டை அடித்த பிள்ளை மாதிரித் தொங்கியது. எடுக்கக் கை நீட்டும்போது பின்னால் காலடிச் சத்தம்.

"அப்னேர்! என்ன, அதுக்குள்ள கிளம்பிட்டே?" டீக்கன் ஈசாக்கின் குரல்.

அவர் கை தானாகப் பக்கத்து ஆணிக்குப் போனது. எடுத்துத் தலையில் அமுக்கிக்கொண்டார். முழுசாக மூன்றரை அங்குலம். ஆனால் தலையில் இறங்கமாட்டேன் என்றது.

"மாட்டுக்கு உடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தார். மாடு நன்றாகத்தான் இருந்தது. ஆக, ஒரு தொப்பிக்காக ஒரு திருட்டும் ஒரு பொய்யும் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் லவீனா தொப்பியைப் புரட்டிப் பார்த்தாள். உள்பட்டையில் எழுத்து வியர்வையில் எப்போதோ அழிந்துபோயிருந்தது. அவருடையதிலும் அப்படித்தான்.

"இது யாரோடது?"

"தெரியல. மாறிப்போச்சு."

"மாறிப்போச்சா, மாத்திட்டியா?"

அப்னேர் நெற்றியில் தொப்பி பதித்த சிவப்பு வளையத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரன் தன் தொப்பியைத் தேடிக்கொண்டு வருவான், அப்போது சிரித்து மழுப்பித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

யாரும் தேடி வரவில்லை. செவ்வாய்க்கிழமை பக்கத்துச் சபையில் ஒரு துக்கம். அப்னேர் பட்டறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சபைத் தலைவர் பிஷப் எப்ராயீமின் வண்டி துக்க வீட்டுக்குப் போனது. முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பிஷப்பின் தலையில் ஒரு கறுப்புத் தொப்பி. விளிம்பு மூன்று அங்குலம். வெட்டிய இடத்தில் லவீனாவின் கோணல்கூட இங்கிருந்தே தெரிந்தது.

அப்னேர் அப்படியே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இவருக்குத் தலைப்பாகைக்கு வந்தது நேராகத் தலைக்கே வந்தது.

மறுநாள் காலை டீக்கன் ஈசாக்கு பட்டறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். அப்னேருக்கு உயிர் போய்விட்டது.

"நேத்து பிஷப்பைப் பாத்தியா?"

"பா... பாத்தேன்."

"தொப்பியைப் பாத்தியா?"

அப்னேர் முழங்கால் போடத் தயாரானார்.

"மூணு அங்குலம்!" என்று ஈசாக்கு குரலைத் தாழ்த்தினார். "துக்க வீட்டுல அத்தனை பேரும் பாத்தோம். ஒருத்தரும் வாயைத் திறக்கல. ஆலோசனை ஞாயிறு நெருங்குற நேரத்துல, பிஷப் சும்மா வெட்டிப்பாரா? நமக்கு ஏதோ சொல்றாரு. வாயால சொன்னா அதிகாரம் பண்ற மாதிரி இருக்கும். தாழ்மையா, தலையால சொல்றாரு."

"சும்மா... தற்செயலா இருக்கலாமே?"

"என்னப்பா பேசுற? பிஷப் தொப்பியில தற்செயலா?" ஈசாக்கு தன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உன்கிட்டதான் நல்ல அளவுகோல் இருக்கு. அரை அங்குலம். சுத்தமா எடுத்துடு."

"ஈசாக்கு, நான் சொல்றதைக் கேளு. கொஞ்சம் பொறுத்து..."

"நீ பிஷப்பைச் சந்தேகப்படுறியா?"

அப்னேர் வெட்டினார். தச்சர் கை, கோணல் கிடையாது. ஈசாக்கு போய் யாரிடமும் சொல்லவில்லை, எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் எதையும் சொல்வதில்லை. ஆனால் மத்தியானத்துக்குள் பட்டறை வாசலில் ஆறு வண்டி நின்றது. வியாழக்கிழமை ஒன்பது. அலமாரிக்கு ஆர்டர் கொடுத்த இங்கிலீஷ்கார அம்மாள் ஒருத்தி காரில் வந்து எட்டிப் பார்த்தாள். எங்கள் சபையில் இல்லாத எல்லாரும் எங்களுக்கு இங்கிலீஷ்காரர்கள்தான், அவர்கள் பாட்டன் இத்தாலியிலிருந்து வந்திருந்தாலும்.

"மிஸ்டர் ரீல், இப்ப அலமாரி செய்யறதை விட்டுட்டு சலூன் வச்சுட்டீங்களா?"

அப்னேருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வெட்டி விழுந்த கறுப்பு வளையங்கள் காலடியில் குவிந்து கிடந்தன.

இதற்கு ஒரே வழி, தொப்பியைத் திருப்பிக் கொடுப்பதுதான். வெள்ளிக்கிழமை காலை அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு பிஷப் வீட்டுக்குப் போனார். மாட்டியிருக்கும் இடத்தில் மாற்றி மாட்டிவிட்டு வந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் பிஷப்பே வாசலில் நின்றார். எங்கோ நோயாளியைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். தொப்பி தலையில்.

பிஷப் எப்ராயீம் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. இரண்டு புருவத்துக்கும் நடுவில் எப்போதும் ஒரு வெட்டுக் கோடு இருக்கும். இன்றைக்கு அந்தக் கோட்டைக் காணோம்.

"வா அப்னேர், வா! உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், மனசுக்குள்ள வச்சுக்கோ. எனக்குப் பத்தொன்பது வருஷமா ஞாயித்துக்கிழமையானா தலைவலி. பிஷப் பொறுப்போட பாரம் அதுன்னு பொறுத்துக்கிட்டேன். போன ஞாயித்துக்கிழமை கிளம்பும்போது தொப்பியைப் போட்டேன். மெத்துனு உக்காந்துச்சு! அன்னிலேருந்து வலி இல்ல. கர்த்தர் தளர்த்திட்டாரு."

"தொ... தொப்பியையா?"

"பின்ன, தலையையா?" பிஷப் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "வீட்டுல என் சம்சாரம் சலோமாகூடச் சொன்னா, இப்ப பிரசங்கத்தை ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவீங்க போலிருக்கேன்னு. நீ என்ன விஷயமா வந்தே?"

ஜெபத்துக்குக் கிடைத்த பதிலை ஒரு மனுஷன் தலையிலிருந்து எப்படிப் பிடுங்குவது? அப்னேர் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்."

வீட்டுக்கு வந்ததும் லவீனாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் முகத்தை ஏப்ரனில் மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துத் தேற்றப் போனார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பிஷப் தலையில என் கத்தரிக்கோல் வேலை!"

"லவீனா, இது சிரிக்கிற விஷயமா?"

"சரி, சரி. அந்தத் தொப்பியையும் வெட்டிப் போட்டுக்கோ. எல்லாரும் மூணு, நீயும் மூணு. முடிஞ்சுது."

"பிஷப்போட தொப்பியை வெட்டச் சொல்றியா? மாத்தினதே பாவம். இதை வெட்டிட்டா அப்புறம் எதைத் திருப்பிக் குடுக்கிறது?"

"அப்ப புதுசா ஒண்ணு வாங்கு!"

சனிக்கிழமை காலை தொப்பிக் கடைக்குப் போனார். கடைக்காரர் அவர் தலையைச் சுற்றி நாடா வைத்து அளந்துவிட்டு விசில் அடித்தார்.

"இந்த அளவுக்கு இருப்பு கிடையாதுங்க. அச்சு போட்டுச் செய்யணும். மூணு வாரம் ஆகும். ஆமா, உங்க சபையில என்ன நடக்குது? இந்த வாரம் நாலு பேர் வந்து வெட்டின ஓரத்துக்குக் கரை கட்டித் தரச் சொன்னாங்க."

அப்னேர் கடை வாசல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மூணு வாரம். ஆலோசனை ஞாயிறுக்கு எட்டே நாள்.

அடுத்த வாரத்தில் நிலைமை முற்றிவிட்டது. முப்பத்தொரு தொப்பியை வெட்டிக் கொடுத்த மனுஷன் தன் தொப்பியை மட்டும் வெட்டவில்லை என்று ஊர் கவனித்தது. பால் கொண்டுபோகும் இடத்தில், ஏலக் கொட்டகையில், மூன்று அங்குலங்களுக்கு நடுவில் ஒரே ஒரு மூன்றரை. வாழ்நாள் முழுவதும் கூட்டத்தில் காணாமல் போகப் பாடுபட்டவர், இப்போது அரை மைல் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தார். போதாததற்குத் தொப்பி இறுக்கத்தில் முகம் கடுகடுவென்று இருந்தது. எதிர்ப்புக் காட்டுகிறார் என்று முடிவு கட்ட அது போதாதா?

இதைவிட மோசம், அவரை மெச்சவும் ஒருத்தர் கிளம்பினார். கிழக்குப் பண்ணை மேனோ, எழுபது வயது, எதற்கும் வளையாதவர். பட்டறைக்கு வந்து அப்னேரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீ ஒருத்தன்தான் ஆம்பளை. நான் என்னோடதை வெட்டிட்டேன், வெக்கமா இருக்கு. நீ எதுத்து நில்லு. உன் பின்னால நாங்க அஞ்சு பேர் இருக்கோம்."

"ஐயோ, யாரும் என் பின்னால நிக்காதீங்க! நான் யாரையும் எதுக்கல!"

"அதுதான் தாழ்மை" என்று கண் கலங்கினார் மேனோ.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டீக்கன் ஈசாக்கு பிரசங்கியாரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். இரண்டு பேர் சேர்ந்து வந்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம். லவீனா ஆப்பிள் பை பலகாரம் நறுக்கி வைத்தாள். ஒருவரும் தொடவில்லை.

"அப்னேர், நீ ஏன் தனியா நிக்கிற?" என்றார் ஈசாக்கு.

"நான் தனியா நிக்கல, ஈசாக்கு. நான் நின்ன இடத்துலதான் நிக்கிறேன். நீங்க எல்லாரும்தான் நகந்து போயிட்டீங்க."

"இதைத்தான் ஊரை விட்டுப் பிரிஞ்சு போன ஒவ்வொருத்தனும் சொன்னான்" என்றார் பிரசங்கியார் துக்கமாக.

"பெருமை பல ரூபத்துல வரும்" என்றார் ஈசாக்கு. "அகலமான விளிம்பு ரூபத்துலயும் வரும். ஞாயித்துக்கிழமை நீ இதோட வந்தா, ஒருமனம் இல்லைன்னு நான் சொல்லித்தான் ஆகணும். அப்புறம் திருவிருந்து இல்ல. அப்புறம்..." அவர் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தார். மக்காச்சோளம் அறுவடையாகி, நானூறு செலரியும் வெட்டவெளிச்சமாக நின்றன. "எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா பாவம், செலரி."

அவர்கள் போன பிறகு மலிண்டா சமையலறைக் கதவருகே நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அப்பா, அரை அங்குலம்தானே அப்பா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட அப்னேருக்குத் தாங்கியிருக்கும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தன் பொம்மைக்கும் ஒழுங்கான குல்லாய் அம்மாவிடம் தைத்து வாங்கி அவரிடம் காட்ட ஓடிவந்தவள். அவளுக்கு ஒரு நல்ல நாள் வருவதற்குத் தானே தடையாக நிற்கிறோமே என்று நினைத்தார். பயத்தில் ஒரு தொப்பியை எடுத்தார். பயத்தில் முப்பத்தொன்றை வெட்டினார். பயந்தது போதும் என்று இருந்தது.

"நாளைக்குக் காலையில எல்லாம் சரியாயிடும்மா" என்றார். எப்படி என்று அவருக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் பிஷப் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே பிஷப், காப்பியோடு. அடுப்பருகே பிஷப்பின் மனைவி சலோமா அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கதவுப் பக்கத்து ஆணியில் மூன்று அங்குலத் தொப்பி தொங்கியது. அப்னேர் தன் பையிலிருந்து மூன்றரை அங்குலத் தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது உங்களோடது. அது என்னோடது. குதிரை கடிச்சுட்டது, லவீனா வெட்டினா, ஜோனஸ் வீட்டுல பயந்துபோய் நான் மாத்தி எடுத்துட்டேன். உங்களுக்குத் தலைவலி போனது கர்த்தர் தளர்த்தினதால இல்ல. என் தலை பெரிசு, அவ்வளவுதான். ஊர் மொத்தமும் உங்க தலையைப் பாத்துத் தொப்பியை வெட்டிக்கிட்டாங்க. வெட்டிக் குடுத்ததும் நான்தான். என்னைச் சபைக்கு முன்னால நிறுத்துங்க, மண்டி போடுறேன். ஆனா திருவிருந்தை நிறுத்தாதீங்க. என் பொண்ணு ஒரு தப்பும் பண்ணல."

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் திறந்தார். பிஷப்பின் காது இரண்டும் தக்காளியாகச் சிவந்திருந்தன.

"எல்லாரும் என்னைப் பாத்தா வெட்டினாங்க?" என்றார் பிஷப் மெதுவாக.

"ஆமா."

"நான் அவங்களைப் பாத்து, சபை ஒருமனமா ஏதோ தீர்மானம் பண்ணியிருக்கு, நடுவுல போய் நாம எதுவும் கேக்கக் கூடாதுன்னுல்ல வாயை மூடிக்கிட்டு இருந்தேன்!"

"உங்க தொப்பியே மூணு அங்குலம்தானே?"

"என் தலையில இருக்கிறதை நான் எப்படிப்பா பாப்பேன்? நம்ம வீட்டுல கண்ணாடியும் சின்னது."

பிஷப் மேசைமேல் இருந்த இறுக்கத் தொப்பியைப் பார்த்தார். ஏதோ பாம்பைப் பார்ப்பது போல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"மண்டி கிண்டி ஒண்ணும் வேண்டாம். உன் தொப்பியை நீ எடுத்துட்டுப் போ. நாளைக்கு மூணு அங்குலத்தோட வந்து எல்லாரோடயும் உக்காரு. நானும் வைக்கோல் தொப்பியோ எதையோ போட்டுக்கிட்டு வர்றேன். திருவிருந்து நடக்கும். செலரிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லு."

"அப்ப ஒழுங்கு? அது மூணரை ஆச்சே? உடைச்சது நானில்லையா?"

பிஷப், மாட்டுக்குத் தீனி வைக்கவேண்டும் என்று முணுமுணுத்தபடி, பின்கதவு வழியாக வெறுந்தலையோடு வெளியே போய்விட்டார். மாடு அப்போதுதான் தின்று முடித்திருந்தது.

அப்னேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள் கல்யாணம் பிழைத்தது. இருந்தாலும் இவ்வளவு பெரிய குற்றத்தை இவ்வளவு லேசாக விடுவார்களா என்று மனசு உறுத்தியது. சலோமாவைப் பார்த்தார்.

"கோவிச்சுக்கிட்டுப் போறாரா? எனக்கு எதையும் மறைக்காம சொல்லுங்க, சலோமா. காலம் காலமா இருந்த மூணரை அங்குலத்தை நான் ஒருத்தன் கெடுத்துட்டேனே!"

சலோமா அவரைக்கொட்டைக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மேசையிலிருந்த தொப்பியை எடுத்து, புருஷன் போன திசையைப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் அதையே விசிறியாக வீசிக்கொண்டாள்.

"காலம் காலமாவா? இவரு பிஷப் ஆகுறதுக்கு முன்னால நாங்களும் மூணு அங்குலம்தான் அப்னேர். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால, பிஷப் ஆன அன்னிக்குப் பதட்டத்துல இந்த மனுஷன் எவனோ விருந்தாளியோட தொப்பியை மாட்டிக்கிட்டு வந்துட்டாரு. திருப்பிக் குடுக்கலாம்னு அடுத்த ஆராதனைக்குப் போனா, ஊர் மொத்தமும் மூணரை அங்குலத்துல புதுத் தொப்பியோட வந்து நிக்குது!"